பார்ப்பும் பாசமும்

உயிர்களிடத்து அன்பு செய்தல் சைவர்க்கு முதற்கடன் என்பதில் ஐயுறுவார் இலர். ஐயம் எழுவது அவ்வன்பை எவ்வாறு செய்வது என்னும் இடத்திலேயாம். நம்மொடு பழகிய ஆவினிடத்தும் நாயினிடத்தும் அவ்வையம் மிகுதியாக எழுவதில்லை. பசித்த பசுவுக்கு ஒரு பிடி புல்லிடல் வேண்டுமென்பது சிறுவர்க்கும் தெரியும். ஆயின் காட்டுப் பறவையின் குஞ்சொன்று வழியிலே விழுந்து வாய் பிளந்து கிடக்குங்கால், செய்வது யாதென அறியாது கற்றாரும் மயங்குகின்றனர். பொருள் சிறிதுபோலத் தோன்றினும், ஆராயப் புகின் அது அன்பு, அருள், பாசம் என்னும் மூன்றனையும் வேறு பிரித்தறிய வேண்டிய இடத்தில் நம்மைக் கொண்டு நிறுத்துகின்றது. ஆகலின் இவ்வாராய்ச்சி இவ்விதழுக்குப் புறம்பன்று.

அண்ணாமலையின் மேற்றிசையில் கிரிவலப் பாதையின்மேல் அமைந்தது அடி அண்ணாமலை. நான்முகன் நிறுவியதென்று வழங்கும் ஆதி அண்ணாமலையார் திருக்கோயில் ஈண்டுளது. மணிவாசகப் பெருமானுக்கும் ஒரு கோயில் உண்டு. 2,668 அடி உயரமுள்ள இம்மலை, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் மரமின்றி வறண்டு கிடந்தது. 1980களின் இறுதி தொடங்கி அன்பர் பலர் கன்று நட்டும், கோடையில் மூளும் தீயை அவித்தும் பேணி வந்தமையால், சரிவுகள் பல மீண்டும் காடாயின. காடு மீண்ட இடத்துப் புள்ளும் மீளும். அதனாலே, சித்திரை வைகாசிகளில் மாலைக் காற்று வீசி ஓய்ந்தபின், 14 கிலோமீட்டர் அளவுள்ள இப்பாதையில் எங்கேனும் ஒரு குஞ்சு விழுந்து கிடத்தல் அரிதன்று. சித்திரா பௌர்ணமியில் இலட்சக்கணக்கானோர் வலம்வரும்போது அது யாரேனும் ஒருவர் கண்ணிற்படும். இரக்கமுள்ளோர் அதனைத் துண்டில் ஏந்திக்கொண்டு, 'இதற்கு என்ன கொடுக்கலாம், சாமி?' என்று கோயில் வாயிலில் நிற்பாரை வினவுவர். எம்மை வினவினாரும் உளர்.

'என்ன கொடுக்கலாம்' என்னும் அவ்வினாவிலேயே ஒரு பிழையுளது. அதனை விளக்குதற்கு முன், இளம் பறவையின் பருவம் இரண்டென்பதை அறிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என இரு பெயர் வகுத்தது. ஆசிரியர் அவற்றிடைப் பருவ வேறுபாடு கூறினாரல்லர். யாம் இக்கட்டுரையின் வசதி நோக்கி, கண் திறவாததும், இறகு முளையாததும், முளைத்தும் குருத்தாய் நிற்பதுமாகிய குஞ்சைப் பார்ப்பு என்றும், உடல் முழுதும் இறகு மூடி, வால்மட்டும் குட்டையாய், தத்தித் தத்திச் செல்லவல்லதைப் பிள்ளை என்றும் கொள்வேம். கிளிப்பிள்ளை என்று நம் வீட்டுப் பெண்டிர் சொல்லும்போது அச்சொல்லில் இருக்கும் குழைவும் இதற்கு ஒத்ததே.

முதற்கண் பிள்ளையைப் பற்றிக் கூறுவாம். வழியிற் காணப்படுவனவற்றுட் பல இப்பருவத்தனவே. ஏழெட்டாய்க் கூடித் திரிந்து, சருகு புரட்டி, ஓயாது கலகலக்கும் தவிட்டுக்குருவியை இவ்வூரில் அறியாதார் இல்லை. அதன் பிள்ளை நன்கு பறக்கக் கற்குமுன்னரே கூட்டை விட்டு இறங்கிவிடும். அது விழுந்ததன்று, இறங்கியது. கூடென்பது நாம் நினைக்குமாறு காவலான இல்லமன்று. பாம்பும் பூனையும் காக்கையும் ஒருமுறை கண்டுகொள்ளின், அங்குள்ள அனைத்தும் ஒரு வேளை உணவாய் முடியும். அதனாற் பிள்ளைகள் இயன்ற விரைவில் கூடு நீங்கிப் புதர்தோறும் பிரிந்து ஒதுங்குகின்றன. தாயும் தந்தையும், தவிட்டுக்குருவியாயின் அக்கூட்டத்துப் பிறவும், ஆங்காங்குத் தேடிச் சென்று ஊட்டுகின்றன. இவ்வாறு தரையிலும் தாழ்ந்த கிளையிலும் சில நாட் கழித்தபின்னரே சிறகு வலுப்பெறும்.

இந்நிலையில் அவ்வழி செல்வோர் கண்பது யாது? தனித்த ஒரு சிற்றுயிர்; அருகே தாயில்லை; அஃது அழுகின்றது. 'ஐயோ, அநாதை' என்று உள்ளம் உருகுகின்றது. குனிந்து நிற்கின்றனர், பின்வருவோரும் சூழ்ந்து நிற்கின்றனர். தாயோ தலைக்குமேல் உள்ள கிளையில், வாயில் புழுவொடு, இவர்கள் எப்போது போவார்களென்று பார்த்துக்கொண்டிருக்கின்றது. தாய் வாராமைக்குக் காரணம் அவரது இரக்கமேயாம். அவர் நிற்குந்துணையும் அது வாராது. அது வாராமையைக் கண்டு அவர் இரக்கம் மேலும் வளரும். வளர்ந்த இரக்கம் அப்பிள்ளையை எடுத்துச் சென்றுவிடும். அன்பினாலே ஒரு தாயினின்றும் மகவைப் பிரித்த செயல் அங்கு நிகழ்ந்து முடியும். செய்தவரோ அன்றிரவு மனநிறைவொடு துயில்வர்.

சீகாழித் திருக்குளக் கரையை ஈண்டு நினைத்தல் தகும். மூன்று வயதுப் பிள்ளையைக் கரையில் இருத்திவிட்டுச் சிவபாத இருதயர் நீருள் மூழ்கினார். பிள்ளை தந்தையைக் காணாது அழுதது. அவ்வேளை இரக்கமிக்க வழிப்போக்கர் ஒருவர் அங்கு வந்து, தனியே அழும் குழந்தையைக் கண்டு, தாய்தந்தையர் அற்றதென்று துணிந்து தோளில் தூக்கிக்கொண்டு தம்மூர் சென்றிருப்பாராயின்? தந்தை நீருள் இருந்தார். அம்மையப்பர் தோணிபுரத்து மேல் இருந்தனர். இருசாராரும் அவர் கண்ணுக்குத் தோன்றியிருக்கமாட்டார். ஞானப்பாலுக்கும் உலகிற்கும் இடையே ஒரு நல்லவரது அவசரம் நின்றிருக்கும். காணப்படாமை வேறு, இல்லாமை வேறு என்னும் தருக்கநூற் பாடத்தை அவ்வழிப்போக்கர்க்கு யார் கற்பித்திருப்பர்?

சித்தாந்தம் முதல்வனது ஐந்தொழிலுள் மறைத்தலையும் ஒன்றாக வைத்தது. அருளல் நன்று, மறைத்தல் எவ்வாறு கருணையாகும் என்று புதிதாகப் பயில்வோர் வினவுதல் உண்டு. இறைவன் ஒளித்து நிற்றல் உயிரைக் கைவிட்டமையால் அன்று, அதன் மலம் பக்குவப்படுதற்பொருட்டென்று ஆசிரியன்மார் விடை கூறுவர். தாய்ப்பறவை பிள்ளைக்கு இரை கொணர்ந்தும் வாயில் இடாது, நான்கு முழத்துக்கு அப்பாலுள்ள கிளையில் நின்று அழைத்தலை யாம் பன்முறை கண்டுள்ளேம். பசித்த பிள்ளை சிறகடித்துக் கதறும், தாய் அசையாது. முடிவில் பிள்ளை தாவும், பாதி விழுந்து பாதி பறந்து அங்குச் சேரும், அப்போதே ஊட்டப்பெறும். இதனைக் கொடுமை என்று கருதி இடையே புகுந்து ஊட்டுவார், மறைப்பை அருளென்று அறியாதவரே.

ஆகவே பிள்ளைக்குச் செய்யத்தக்கது பெரும்பாலும் ஒன்றுமில்லை. வழியின் நடுவே கிடப்பின் அருகிலுள்ள புதரிலோ தாழ்ந்த கிளையிலோ எடுத்து வைத்து, நாய்பூனைகளை விலக்கி, அப்பாற் சென்றுவிடல் வேண்டும். ஒரு கோடைக்காலத்தில் சிறுவன் ஒருவன் தவிட்டுக்குருவிப் பிள்ளையொன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எம்மிடம் வந்தான். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மதிற்சுவருக்கு இப்பால் அமர்ந்து பார்க்குமாறு கூறினேம். ஒரு நாழிகை அளவு ஒன்றும் நிகழவில்லை. 'தாத்தா, வராது, நான் வளர்க்கிறேன்' என்று அவன் கெஞ்சத் தொடங்கினான். பின்னர் இலந்தைப் புதரில் இருந்து ஒன்று இறங்கியது, அதன்பின் மூன்று. அவன் முகத்தில் மகிழ்ச்சியும் ஏமாற்றமும் ஒருங்கே தோன்றின. அவ்வேமாற்றம் எதனான் வந்ததென்பதைப் பின்னர் ஆராய்வாம். இக்கட்டுரைக்குக் கரு அதுவே.

இனிப் பார்ப்பு. இதன் நிலை வேறு. இறகற்ற பார்ப்பு தன் உடல் வெம்மையைத் தானே காத்துக்கொள்ளமாட்டாது. தரையிற் கிடப்பின் விரைவில் இறக்கும். இதற்குரிய இடம் கூடு. குளிர்ந்திருப்பின் முதலில் இரு கைகளுக்குள் வைத்து வெம்மை ஊட்டி, கூட்டைத் தேடி அதனுள் மீள வைத்தல் வேண்டும். 'மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது. கொத்திக் கொன்றுவிடும்' என்று ஊரில் ஒரு பேச்சு வழங்குகின்றது. அஃது உண்மையன்று. பறவை தன் மகவைப் பெரும்பாலும் கண்ணாலும் குரலாலும் இடத்தாலுமே அறிகின்றது; கைபட்டது பற்றித் தன் குஞ்சை அது ஒதுக்குவதில்லை. தீட்டுப் பார்ப்பது மக்கட் சாதியின் வழக்கம்; அதனைப் பறவையின்மேலும் ஏற்றிக் கூறினர் போலும்!

கூடு காற்றில் சிதைந்துபோயிருப்பின், சிறு கூடையொன்றில் உலர்ந்த புல்லை இட்டு, மழைநீர் தேங்காவண்ணம் அடியில் துளைகள் இருக்கச் செய்து, பழைய கூடு இருந்த கிளையிலோ அதற்கு மிக அணித்தோ கட்டி, பார்ப்பை அதில் வைக்கலாம். பின் தொலைவிற் சென்று ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருந்து நோக்குக. பெரும்பாலும் தாய் வரும். அருகிற் சென்று அடிக்கடி எட்டிப் பார்த்தல் கூடாது. நம் கால்தடத்தையும் நோக்கையும் பின்பற்றிக் காக்கையும் பூனையும் கூட்டைக் கண்டுகொள்ளும்.

இதற்கு இத்தலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டுளது. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலைக்கு வந்து, 1950ஆம் ஆண்டு ஏப்ரலில் மறையும்வரை ஈண்டே உறைந்த இரமண மகரிஷிகள், விலங்கையும் பறவையையும் 'அது' என்னாது 'அவன், அவள்' என்றே வழங்கியவர். அவர்கள் ஆசிரமத்தில் பசுவுக்கும் மானுக்கும் நாய்க்கும் காக்கைக்கும் சமாதிகள் உள்ளமை யாவரும் அறிந்தது. ஒருநாள் அவர் துண்டைக் கொடியிலிடும்போது கைபட்டுக் குருவிக்கூட்டின் முட்டையொன்று விரிசல் கண்டதென்றும், தாய் எத்துணை வருந்துமென்று அவர் மிக இரங்கினரென்றும், அதனைச் சிறு துணியிற் சுற்றிக் கூட்டிலேயே மீள வைத்து, நாடோறும் எடுத்து நோக்கி வந்தனரென்றும், விரிசல் கூடிக் குஞ்சு வெளிவந்ததென்றும் ஆசிரமத்து அன்பர்கள் எழுதியுள்ளனர். இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் விரிசல் கூடிய அற்புதத்தையே பெரிதுபடுத்துவர். எமக்கு வியப்பாகத் தோன்றுவது வேறு. அம்முட்டையை அவர் தமதாக்கிக் கொள்ளாது, கூட்டிலேயே திரும்ப வைத்தனர். தாய் அடைகாக்கும் இடத்திற்கு அதனைத் தந்து, தாம் பக்கத்தே நின்றனர்.

ஈண்டு ஒரு தடை நிகழும். 'குஞ்சு விழுந்தது அதன் வினை. வினைப்பயனை ஊட்டுவான் இறைவன். அதனிடைப் புகுந்து நாம் தடுத்தல் முதல்வன் செயலுக்கு மாறன்றோ?' என்று நம்மவருள்ளும் சிலர் கூறுவர். இவ்வாறு கூறுவோர் பெரும்பாலும் விரைந்து வீடு செல்ல விரும்புவோரே என்பது எம் துணிபு. குஞ்சின் வினை அதனை வீழ்த்தியது எனின், அவ்வினையே அவரை அவ்வழிக் கொணர்ந்ததென்று ஏன் கொள்ளலாகாது? வினைக்கணக்கு எழுதும் ஏடு நம் கையிற் கொடுக்கப்படவில்லை. பிறவுயிர்க்கு இதம் செய்க, அகிதம் செய்யற்க என்னும் ஆணை ஒன்றே நமக்குக் கொடுக்கப்பட்டது. தன் மகனது தேர்க்காலில் ஆன்கன்று வீழ்ந்தபோது ஆரூர்ச் சோழன் கன்றின் வினையை ஆராய்ந்தானல்லன். அமைச்சர் கூறிய கழுவாயையும் ஏற்றானல்லன். தாய்ப்பசுவின் துயரமொன்றையே நோக்கினான். வினைக்கொள்கை நம் துன்பத்தைப் பொறுத்தற்கு நாம் கைக்கொள்ளத்தக்கது. பிறர் துன்பத்தை நாம் பொறுத்துக்கொள்ளுதற்கு அன்று.

மற்றொரு தடை இதனினும் வலிது. குஞ்சைப் பூனை கவ்வ வருகின்றது, வல்லூறு வட்டமிடுகின்றது, அவற்றைத் துரத்தலாமோ? வல்லூற்றின் கூட்டிலும் பார்ப்புகள் வாய் திறந்தன்றோ இருக்கும்? சிபிச் சோழன் புறாவைக் காத்தபோது பருந்தை வெறும் வயிற்றொடு போக்கினானல்லன்; தன் தசையை அரிந்து ஈடு கொடுத்தான். அக்கதையின் கூர்மை அவ்விடத்தே உளது. ஒன்றற்கு இரங்கி மற்றொன்றைப் பட்டினியிடுதல் நடுவுநிலை ஆகாதென்பதை அவன் அறிந்திருந்தான். நாம் சிபியல்லேம். ஆதலின் யாம் ஒரு வரம்பு கொள்கின்றேம்: காட்டினுள்ளே காட்டுயிர் தன் இயல்பால் இரை தேடுமிடத்து நாம் புகவேண்டுவதில்லை, நம் செயலால் விளைந்த கேட்டினிடத்து நாமே கடனாளிகள். வீட்டுப்பூனை நாம் வளர்த்தது. பாதையும் அதன்மேல் ஓடும் வண்டியும் நம்முடையன. கூடிருந்த கிளையை வெட்டியது நம் அரிவாள். இரவெல்லாம் எரியும் விளக்கும் ஒலிபெருக்கியும் நாம் வைத்தன. இவற்றால் வீழ்ந்த குஞ்சைக் கண்டு 'இயற்கை' என்று சொல்லி அகலுதல் பொய்யாகும். மரம் வெட்டுவோர் ஒன்று அறிதல் நலம்: தை முதல் சித்திரை வரை கிளிகள் பொந்துகளில் பார்ப்புடன் இருக்கும், அக்காலத்தில் பட்டமரத்தையும் ஆராயாது சாய்த்தல் கூடாது.

இனி, உண்மையாகவே தாயற்றது, அல்லது சிறகொடிந்தது, அல்லது பூனையின் பற்பட்டது. பூனைக்கடி சிறு கீறலாய்த் தோன்றினும் அதன் எச்சிலால் நஞ்சேறிப் பறவை ஒன்றிரண்டு நாளில் இறத்தல் கூடும். இந்நிலையிலும் கைவிடுக என்று யாம் கூறோம். மதுரையில் நிகழ்ந்த திருவிளையாடல்களுள், தாயிழந்த பன்றிக்குட்டிகள் பன்னிரண்டுக்கு இறைவன் பாலூட்டியதும் ஒன்று. பரஞ்சோதி முனிவர் அதனைத் தனிப்படலமாகப் பாடினர். அப்பெருமான் அவற்றுக்கு அரண்மனைப் பசும்பாலைப் பொற்கிண்ணத்தில் கொணரச் செய்தானல்லன். தானே தாய்ப்பன்றியாய்ச் சென்று கிடந்தான். உலகெலாம் உடையான் பன்றியாதற்கு நாணவில்லை. தனக்கு எளிதான உருவிற் கொடாது, பெறும் உயிர்க்கு எவ்வுருவிற் கொடுத்தால் உதவுமோ அவ்வுருவிற் கொடுத்தான். அருளின் இலக்கணத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் கதையொன்றை யாம் அறியேம்.

நம்மவர் செய்வதோ இதற்கு மறுதலை. நமக்கு நல்லது யாதோ அதனைப் பார்ப்பின் வாயில் ஊற்றுகின்றோம். முதலில் தண்ணீர். பறவையின் நாக்கடியிலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்திருத்தலின், நாம் ஊற்றும் நீர் நுரையீரல் புகுந்து அதனைக் கொல்லும். அடுத்துப் பால். பால் குட்டி ஈனுவனவற்றின் உணவு. பறவைக்கு அது செரியாது. புறா தன் பார்ப்புக்கு ஊட்டுவதைப் பாலென்று கூறுவரேனும், அது புறாவின் தொண்டைப்பையிற் சுரப்பது, ஆவின் பாலன்று. பின்னர்ச் சோறும் ரொட்டியும். நெல்லும் கம்பும் கொறித்துத் திரியும் சிட்டுக்குருவிகூடத் தன் பார்ப்புக்குப் புழுவும் பூச்சியுமே தேடிக் கொணர்கின்றது. அதுவும் விடியல் முதல் அந்தி வரை சில நிமிடங்களுக்கு ஒருமுறை. இத்தொழிலை நாம் செய்தல் எளிதோ? வையாவிக்கோப் பெரும்பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தமையைப் புலவர்கள் கொடைமடம் என்று கொண்டாடினர். கொடையென்ற அளவில் அது பெரிது. மயில் அப்போர்வையை என் செய்திருக்கும் என்று அவையில் எவரும் வினவவில்லை.

செய்யத்தக்கது இது. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மென்றுணி பரப்பி, குஞ்சை அதனுள் வைத்து மூடி, இருளும் வெம்மையும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்திடுக. உணவும் நீரும் ஊட்டற்க. சிறுவர் திறந்து திறந்து பார்க்க விடற்க; நம் முகம் அதற்கு ஆறுதலன்று, அச்சம். காலந்தாழாது வனத்துறையினர்க்கு அறிவித்து, அவர் கூறுமாறோ பறவை மருத்துவம் அறிந்தார் கூறுமாறோ செய்க. ஆந்தைக் குஞ்சாயின் சிலர் அமங்கலம் என்று கல்லெறிவர். அவர்க்கு யாம் கூறுவது ஒன்றே: அதனைப் படைத்தவன் நாள் பார்த்துப் படைத்தானல்லன்.

இப்போது அச்சிறுவனது ஏமாற்றத்திற்கு வருவாம். குஞ்சு பிழைத்தது, தாய் வந்தது, அவன் விரும்பியது நிறைவேறியது. பின் ஏமாற்றம் ஏன்? அது பிழைத்தல் வேண்டும் என்பதொடு, தன்னாற் பிழைத்தல் வேண்டும், தன்னொடு இருத்தல் வேண்டும் என்னும் மற்றொரு விருப்பமும் அவனுள் இருந்தது. முன்னையது அருள். பின்னையதை உலகத்தார் பாசம் என்பர். நூலோரும் பாசம் என்பர். வழக்கில் அச்சொல் இனிய உறவுப்பிணிப்பைக் குறிக்கின்றது. சித்தாந்தத்தில் உயிரைப் பிணிக்கும் கட்டினைக் குறிக்கின்றது. இரண்டு பொருளும் ஒரு சொல்லில் வந்தடைந்தது தற்செயலென்று யாம் கருதவில்லை. சிறுவர்க்கு மட்டுமன்று, நரைத்தவர்க்கும் இவ்விரண்டும் ஒரே உள்ளத்தில், ஒரே கணத்தில், ஒன்றன் ஆடையை மற்றொன்று உடுத்து எழும்.

பரதமன்னன் கதை பாகவதத்தின் ஐந்தாம் கந்தத்தில் உளது. வேற்றுச் சமயப் புராணமாயினும் கொள்ளத்தக்கது. அரசு துறந்து ஆற்றங்கரையில் தவம் இருந்தவன், சிங்க முழக்கத்துக்கு அஞ்சித் தாவிய சினைமான் நீரில் கருவுயிர்த்து இறக்கக் கண்டு, மிதந்து வந்த கன்றை எடுத்து வளர்த்தான். அதன்மேல் வைத்த பற்றினால் தவம் நெகிழ்ந்து, இறக்குங்காலும் அதனையே நினைந்து மானாய்ப் பிறந்தான். இதனைக் காட்டித் துறவிகள் சிலர், உயிர்க்கு இரங்கலே கேடு என்று முடிவு கட்டுவர். அம்முடிபு பொருந்தாது. வெள்ளத்திற் போகும் கன்றைப் பார்த்துக் கண்மூடியிருந்தால் அவன் தவம் எதற்கு? எடுத்தது அருளே, புல்லூட்டியதும் அருளே. கன்று தானே மேயவும் ஓடவும் வல்லதாய மறுநாள், 'இன்னும் ஒருநாள் இருக்கட்டும்' என்று அவன் உள்ளம் சொல்லிற்றே, அக்கணத்தில்தான் அருள் வெளியேறிப் பாசம் உட்புகுந்தது. கதைநூல் அந்நாளைத் தனித்துக் குறிக்கவில்லை. அத்தகைய நாள் யார் வாழ்விலும் பறையறைந்து வருவதில்லை.

பரதன் தனக்குச் செய்துகொண்ட கேட்டையே நூல் பேசிற்று. கன்றுக்கு விளைந்த கேடு யாது? இதற்கு மெய்கண்டதேவரிடம் செல்லல் வேண்டும். சிவஞானபோதத்து எட்டாம் சூத்திரத்தில் அவர், ஐம்பொறிகளை வேடராகவும், உயிரை அவ்வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசன் மகனாகவும் வைத்தனர். வேடர் அம்மகனைத் துன்புறுத்தினாரென்று அங்கு இல்லை. வளர்த்தனர், தம் உணவைக் கொடுத்தனர், தம் மொழியைக் கற்பித்தனர். அவன் தன் குலத்தை மறந்தான். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. 1935ஆம் ஆண்டில் ஆஸ்திரியா நாட்டு அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் இதனைப் பறவையிடத்தே எழுதிக் காட்டினர். முட்டையினின்று வெளிவந்ததும் தம்மையே முதலில் கண்ட காட்டு வாத்துக் குஞ்சுகள் தம்மையே தாயென்று கொண்டு பின்தொடர்ந்தன என்றும், தம் இனத்தை நாடவில்லை என்றும் அவர் விளக்கினர். 1973இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. பாடும் பறவைகள் பலவும் தம் இனத்துப் பாட்டை மூத்த பறவையிடம் கேட்டே கற்கின்றன. மனிதர் நடுவே தனித்து வளர்ந்தது செம்மையாகப் பாடுவதில்லை. அஞ்சத்தக்கதை அஞ்சவும் அது அறிவதில்லை. பூனையைக் கண்டும் பறவாது நிற்கும் கிளியைச் சாதுவென்று புகழ்வர். வேடரிடை வளர்ந்த அரசமகன் கதையை நாம் மேடைதோறும் கூறுகின்றோம். காட்டுக் குஞ்சைக் கூட்டில் வைத்து வளர்க்கும்போது அக்கதையில் நாம் ஏற்கும் வேடம் எது?

'நாங்கள் அதற்குச் சிவநாமம் கற்பிக்கின்றோம். அதனால் அதற்கு நற்கதி' என்று கிளி வளர்க்கும் அன்பர் கூறுவதுண்டு. கிளி ஒலியைக் கூறும், பொருளை அறியாது. அஃது இருக்கட்டும். மதுரையில் காக்கை முதலியவற்றால் குத்துண்டு நொந்த கரிக்குருவிக்கு இறைவன் மந்திரம் உபதேசித்தபோது, அதனைக் கூட்டிலடைத்து உபதேசித்தானோ? வலிமை தந்து, வலியான் என்று பேரும் தந்து, வானிலே விட்டான். கரிக்குருவி இன்றும் காக்கையைத் துரத்துவதை நம் வயல்களிற் காணலாம். இத்தலத்திலும் ஒரு கிளி உண்டு. அருணகிரிநாதர் கிளியுருக் கொண்டு தங்கினார் என்னும் வழக்குப்பற்றிக் கிளிக்கோபுரம் என்றே பெயர் பெற்ற கோபுரத்தில் அதன் உரு நிற்கின்றது. அதற்கும் கூண்டில்லை.

சட்டமும் இவ்விடத்து நம்மொடு ஒத்தே நிற்கின்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தமும் நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்தலையும் விற்றலையும் வீட்டில் வளர்த்தலையும் குற்றமாக்கின. தண்டனைக்கு அஞ்சி விடுவார் விடட்டும். அதுபற்றி மேலும் விரித்தல் எம் வேலையன்று.

இன்னும் ஒன்றுளது. முன்னரே வீட்டில் வளர்ந்துவிட்ட பறவையை என் செய்வது? இக்கட்டுரையைப் படித்தார் ஒருவர் அன்றே கூட்டைத் திறந்து, 'போ' என்று துரத்திவிடுதலும் கூடும். அங்ஙனம் செய்யற்க. இரை தேட அறியாததும், இனம் அறியாததும், பகை அறியாததுமாகிய உயிரை ஒரு நாளில் வெளியில் தள்ளுதல் விடுதலையாகாது, கொலைக்கு மறுபெயர். வேடரிடை வளர்ந்த மகனையும் அவன் தந்தை வாள்கொண்டு பிரித்தெடுத்தானல்லன். 'நீ என் மகன்' என்று உணர்த்தியே அழைத்தான். அத்தகைய பறவையை வனத்துறையிடம் ஒப்புவித்தால், தன் இனத்தொடு பெரிய அடைப்பில் சில காலம் இருத்தி, சிறகு வலுத்து, இனமொழி பயின்று, மனிதரைக் கண்டு விலகக் கற்றபின் காட்டில் விடுதல் இயலும். எல்லாப் பறவையும் அங்ஙனம் மீள்வதில்லை. மீளாதது தன் ஆயுள் முழுதும் பிறர் கையை எதிர்பார்த்தே வாழும். கிளியின் ஆயுளோ இருபது ஆண்டுக்கு மேலும் நீளும்.